காதால் படித்த தெலுங்கு

புவனேஸ்வரிக்குத் தெலுங்கு வரும். அதில் பொய் ஒன்றும் இல்லை. எளாவூருக்குப் பக்கத்தில் அவள் பிறந்த ஊரில் பாதித் தெரு தெலுங்குதான். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவாள். வரப்பில் வாய் வைக்கும் மாட்டைத் திட்டுவதும் தெலுங்கில்தான். ஆனால் படித்தது தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடம். அங்கே தமிழும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்தார்கள், தெலுங்கு எழுத்தை யாரும் கரும்பலகையில் எழுதிக் காட்டவில்லை. ஊரில் கேலி பேசுகிறவர்கள் சொல்வதுபோல் அவள் கண்ணுக்கும் அது தட்டில் அடுக்கி வைத்த ஜிலேபிதான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மருந்து டப்பாக்களும், டப்பாவுக்குள் மடித்து வைக்கும் விவரச் சீட்டுகளும் அச்சடிக்கிற ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் எடுத்தபோது ஏழு பேர் வந்திருந்தார்கள். ஆந்திரா பக்கத்து ஆர்டர்தான் அங்கே அதிகம். மேனேஜர் மதிவாணன் அவளுடைய சர்டிபிகேட்டைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"தெலுங்கு வருமாம்மா?"

"வரும் சார். ஊட்ல அதான் பேசுவோம்."

மற்ற ஆறு பேரையும் அனுப்பிவிட்டார். படிக்க வருமா என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லி வேலையைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு என்ன பைத்தியமா? பி.காம். முடித்து, பொன்னேரியில் டி.டி.பி. படித்து, ஒன்றரை வருஷம் வீட்டில் உட்கார்ந்து சொந்தக்காரர்களின் விசாரிப்புக்குப் பதில் சொல்லிச் சலித்தவள் அவள்.

வேலை இதுதான். வாடிக்கையாளர்கள் அனுப்பும் டிசைன் ஃபைலைத் திறக்க வேண்டும். எழுத்தெல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்த பிறகு மொத்த எழுத்தையும் 'கர்வ்' போட்டு, அச்சு மெஷினில் மாட்டும் பிளேட் எடுக்க அனுப்ப வேண்டும். கர்வ் போடுவது என்றால் எழுத்தை வெறும் படமாக்கிவிடுவது. அதன் பிறகு எந்தக் கம்ப்யூட்டரில் எந்த ஃபான்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கவலையில்லை, படம் மாறாது. கர்வ் போடுவதற்கு முன்னால் மட்டும்தான் எழுத்து உயிரோடு இருக்கும், திருத்தலாம், நகலெடுக்கலாம்.

அந்த உயிரை வைத்துத்தான் புவனேஸ்வரி எட்டு மாதம் ஓட்டினாள். தெலுங்கு ஃபைல் வந்தால் எழுத்தை நகலெடுத்துத் தன் போனுக்கே அனுப்பிக்கொள்வாள். போனில் எழுத்தைப் படித்துச் சொல்லும் வசதி இருக்கிறது. காதில் இயர்போனை மாட்டினால் ஒரு பெண் குரல் நிதானமாகத் தெலுங்கு படிக்கும். கண்ணுக்கு ஜிலேபியாக இருந்தது காதுக்குள் போனதும் வீட்டுப் பேச்சாகிவிடும். எங்கேயாவது வார்த்தை இடறினால் உடனே தெரிந்துவிடும். அப்படி இரண்டு தடவை வாடிக்கையாளர் செய்த தப்பையே கண்டுபிடித்துச் சொல்லி மதிவாணனிடம் நல்ல பேரும் வாங்கியிருக்கிறாள். பக்கத்து ஸீட்டு பிரின்சி, இவள் பாட்டுக் கேட்டுக்கொண்டே வேலை பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். சில வாடிக்கையாளர்கள் தாங்களே கர்வ் போட்டு அனுப்பிவிடுவார்கள். அதற்கு அவர்கள்தான் பொறுப்பு, இவளுக்குத் தலைவலி இல்லை.

புதன்கிழமை மத்தியானம் நெல்லூரிலிருந்து ஒரு ஃபைல் வந்தது. மாட்டுக்கு மடிநோய் வந்தால் காம்புக்குள் ஏற்றும் மருந்தின் விவரச் சீட்டு, முழுக்கத் தெலுங்கு, அறுபதாயிரம் பிரதி. கர்வ் போடாமல் எழுத்தாகவே வந்திருந்தது. திறந்ததும் ஒரு சின்னக் கட்டம் குதித்து, இந்த ஃபைலில் இருக்கும் ஃபான்ட் உன்னிடம் இல்லை, வேறொன்றைப் போடட்டுமா என்று கேட்டது. ஈ ஓட்டுகிற மாதிரி ஓகேயைத் தட்டினாள். அந்த அறையில் எல்லோரும் தினம் பத்துத் தடவை அப்படித்தான் தட்டுகிறார்கள். வந்து நின்ற எழுத்தும் தெலுங்காகத்தான் இருந்தது. வட்டமாக இருந்தது, அவளுக்கு அது போதும்.

எழுத்தை நகலெடுத்துப் போனுக்கு அனுப்பிக் கேட்டாள். பசுவைக் கறந்து முடித்த பிறகு காம்பைக் கழுவ வேண்டும், மருந்தை ஏற்ற வேண்டும் என்று குரல் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனது. கடைசியில், சிகிச்சை முடிந்த பிறகு 7 நாட்கள் வரை அந்த மாட்டின் பாலை மனிதர்கள் குடிக்கக் கூடாது என்று சொல்லி முடித்தது. ஒரு இடறல் இல்லை. கர்வ் போட்டாள், சரிபார்த்ததாகக் கையெழுத்துப் போட்டாள், நாலரை பஸ்ஸைப் பிடித்தாள்.

வீட்டில் அவர்களுடைய சிவப்பு மாட்டுக்கும் மடி வீங்கி, காம்பில் மருந்து ஏற்றியிருந்தார்கள். வேலையில் கேட்டதை நைனாவிடம் சொன்னாள், ஏழு நாள் பாலைத் தொடக்கூடாதாம் என்று. அவர் "ஏடு ரோஜுலா?" என்று விரலை மடக்கிப் பார்த்து முனகினார். ஆனாலும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் போகும் பாலை அன்றைக்கே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு வேறொரு டப்பாவின் அளவைச் சொல்ல மெஷின் ஹாலுக்குப் போனாள். இரண்டு கலர் மெஷினில் மடிநோய்ச் சீட்டு ஏறியிருந்தது. கலர் பிடிக்கும் வரைக்கும் வேஸ்ட் தாளை ஓட்டுவார்கள்; மெஷின்காரர் செங்கல்வராயன் அப்படி ஓட்டிக்கொண்டிருந்தார். சத்தியவேடு பக்கம் ஊர், தினமும் பைக்கில் ஆந்திர எல்லையைத் தாண்டி வருகிறவர். ஒரு தாளை உருவி விளக்கடியில் வைத்து, கறுப்பு தடிப்பாக இருக்கிறதா என்று பார்த்தார். பக்கத்தில் நின்ற புவனேஸ்வரியும் சும்மா எட்டிப் பார்த்தாள்.

தெலுங்குத் தாளில் அவளால் படிக்க முடிந்தது ஒன்றே ஒன்றுதான், எண்கள். அவை எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்கின்றன. நேற்று நைனா மடக்கிய விரல்கள் மனசில் இருந்ததாலோ என்னவோ, கண் தானாக ஏழைத் தேடியது. ஒன்று இருந்தது, இரண்டு இருந்தது, ஐந்தும் பத்தும் இருந்தன. மேலிருந்து கீழே இரண்டு தடவை பார்த்தாள். ஏழு எங்கேயும் இல்லை.

"மெஷின நிறுத்துண்ணா."

"இன்னாம்மா?"

"ஒரு லைன் வுட்டுப்போச்சுண்ணா. நிறுத்து."

செங்கல்வராயன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். எதுவும் கேட்காமல் சிவப்புப் பொத்தானை அழுத்தினார்.

தன் அறைக்கு ஓடிவந்து, கர்வ் போடாமல் எடுத்து வைத்திருந்த நேற்றைய ஃபைலைத் திறந்தாள். நேற்றுத் திரை முழுக்கப் படத்தை மட்டும் காட்டும் பார்வையில் வைத்துப் பார்த்திருந்தாள், அதில் ஓரக்கோடுகள் தெரியாது. இன்றைக்குச் சாதாரணப் பார்வையில் வைத்தாள். எழுத்துப் பெட்டியின் ஓரம் சிவப்பாக எரிந்தது. பெட்டிக்குள் இடம் போதவில்லை, மிச்சம் உள்ளே மறைந்து கிடக்கிறது என்று அதற்கு அர்த்தம். வந்து உட்கார்ந்த புது ஃபான்ட் பழையதைவிட அகலம். எட்டு வரி நிறைந்ததும் ஒன்பதாவது வரி பெட்டிக்கு வெளியே தள்ளப்பட்டுக் காணாமல் போயிருந்தது. கண்ணுக்குத்தான் காணோம், எழுத்தாக உள்ளேயே இருந்தது. நகலெடுத்தபோது அதுவும் சேர்ந்து போனுக்கு வந்தது, குரல் அதையும் படித்தது, இவளும் தலையாட்டிக் கேட்டாள். தாளில் இல்லாத வரியைக் காதால் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். தெலுங்கு படிக்கத் தெரிந்த யாருக்கும் வாக்கியம் பாதியில் தொங்குவது ஒரு நொடியில் தெரிந்திருக்கும்.

தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. திருத்தச் சீட்டை எடுத்து, 'வாடிக்கையாளர் மாற்றம்' என்று எழுதிப் புது பிளேட் கேட்டால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். வாரத்தில் இரண்டு வருகிறது அந்த மாதிரி. பேனாவை எடுத்து 'வாடிக்கையாளர்' வரைக்கும் எழுதியும்விட்டாள்.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. இந்த எட்டு மாதத்தில் இருபத்து மூன்று தெலுங்கு வேலைகள் அவள் கையெழுத்தோடு வெளியே போயிருக்கின்றன. அதில் ஒன்பது அவளே காதால் கேட்டுக் கர்வ் போட்டவை. குழந்தைகளுக்கான சொட்டு மருந்துகூட ஒன்று உண்டு. அதில் எத்தனை வரி பெட்டிக்கு வெளியே விழுந்திருக்கும்? இந்த ஒன்றை மறைத்தால் அந்த ஒன்பதையும் மறைத்த மாதிரிதான். ஒன்பதையும் பார்க்க வேண்டுமென்றால் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும், ஆள் வேண்டுமென்றால் தனக்குத் தெரியாது என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். வேலை போய்விடும், திரும்ப அந்தச் சொந்தக்காரர்கள், அந்த விசாரிப்பு. நினைக்கவே கசந்தது. சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு மேனேஜர் அறைக்குப் போனாள்.

மதிவாணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஏன் மெஷின் நிற்கிறது என்று கேட்கச் செங்கல்வராயனை ஏற்கெனவே கூப்பிட்டிருந்தார். அவரும் கையில் அந்தத் தாளோடு கதவோரம் நின்றார்.

"சார், எனக்குத் தெலுங்கு படிக்க வராது."

"இன்னாது?"

"பேச வரும் சார். எழுத்து தெரியாது. எட்டு மாசமா போன்ல படிக்க வச்சிக் கேட்டுக்கினுதான் கையெழுத்துப் போட்டேன்."

ஆரம்பித்துவிட்ட பிறகு நிறுத்த முடியவில்லை. ஃபான்ட் மாறியது, வரி விழுந்தது, தாளில் ஏழு இல்லாதது, வெளியே போன இருபத்து மூன்று, அதில் தானே கர்வ் போட்ட ஒன்பது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மதிவாணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை. சுவரைப் பார்த்துக்கொண்டு, பெரிய பேஜாராப் போச்சே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அந்த ஒன்பதையும் வாடிக்கையாளர்களுக்கே அனுப்பிப் படித்துப் பார்க்கச் சொல்லலாமா, சொன்னால் மானம் போகுமே, இல்லை சூளூர்ப்பேட்டையிலிருந்து யாராவது வாத்தியாரைக் கூட்டிவரலாமா என்று யோசனை ஓடியது.

"நான் படிக்கறேன் சார்" என்றார் செங்கல்வராயன்.

மதிவாணன் திரும்பிப் பார்த்தார். நீ தமிழ் ஆளாச்சே என்று கேட்டார். வீட்டில் தமிழ்தான், ஆனால் ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், பத்தாவது வரைக்கும் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம் என்றார் செங்கல்வராயன். எல்லைக்கோடு போட்டவர்கள் எங்கோ உட்கார்ந்து போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தெலுங்கு பேசுகிறவளுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடமும் தமிழ் பேசுகிறவருக்குத் தெலுங்குப் பள்ளிக்கூடமும் வாய்த்தது. பதினாலு வருஷமாக அவர் அதே ஹாலில் நிற்கிறார், ஒருத்தரும் அவரை எதையும் படிக்கச் சொன்னதில்லை. மெஷின்காரரிடம் யார் போய்ப் படிக்கச் சொல்வார்கள்?

"அப்ப இந்தத் தாள்ல பாதியில நிக்கறது உனக்குத் தெரியலியா?"

"தெரிஞ்சிது சார். காலையிலயே பாத்தேன். புவனா கையெழுத்து இருந்திச்சு. தெலுங்குக்காரப் பொண்ணு, அதுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுதுன்னு வுட்டுட்டேன்."

மதிவாணன் கத்தாமல் இருந்ததைவிட இதுதான் புவனேஸ்வரியைச் சுட்டது. படிக்கத் தெரிந்த ஒரே மனுஷனின் வாயை அவள் கையெழுத்து அடைத்து வைத்திருக்கிறது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ நேரமில்லை.

அலமாரியிலிருந்து ஒன்பது வேலைகளின் மாதிரித் தாள்களையும் எடுத்து மேஜையில் பரப்பினார்கள். ஒவ்வொன்றுக்கும் கர்வ் போடாத ஃபைல் அவளிடம் பத்திரமாக இருந்தது. போனை மேஜை நடுவில் வைத்து, இயர்போன் இல்லாமல் எல்லோரும் கேட்கும்படி படிக்கவிட்டாள். குரல் சொல்லச் சொல்லச் செங்கல்வராயன் அச்சடித்த தாளில் விரலை நகர்த்திக்கொண்டே போனார். அவருடைய விரல் இடுக்கில் கறுப்பு மை காயாமல் இருந்தது. ஒரு வரி முடியும்போதெல்லாம் "இருக்குது" என்பார், அவள் மூச்சு விடுவாள். முதல் தாள் சரி. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது சரி. ஐந்தாவது அந்தச் சொட்டு மருந்து. குரல் கடைசி வரியைச் சொன்னது. விரல் தாளின் அடியில் நின்றுவிட்டது.

"இல்லியே" என்றார்.

மதிவாணன் எழுந்தே விட்டார். புவனேஸ்வரி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். செங்கல்வராயன் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார், அப்படியே திருப்பினார். பின்பக்கத்தில் முதல் வரியாக அது உட்கார்ந்திருந்தது. "தோ, இங்கக்குது" என்றார், ஒன்றுமே நடக்காதது மாதிரி. மதிவாணன் நாற்காலியில் விழுந்து, அவரை நல்ல தமிழில் நாலு வார்த்தை திட்டினார். அந்த அறையில் முதல் தடவையாக எல்லோரும் சிரித்தார்கள். மிச்சம் நாலும் சரியாக இருந்தன.

ஒன்பதும் சரி என்று ஆனபோது புவனேஸ்வரிக்கு உடம்பே லேசாகிவிட்டது. எட்டு மாதமாகத் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. பயம் இத்தனை கனமாக இருந்தது என்று இறக்கி வைத்த பிறகுதான் தெரிந்தது. வேலை போனாலும் போகட்டும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணமே அது போகக் கூடாது என்றும் தோன்றியது, அதனால் கேட்டுவிட்டாள்.

"சார், என் வேல?"

"அதத்தான் சொல்றேன், போய் உன் வேலயப் பாரு. நெல்லூருக்கு போன் போட்டு அவன் ஃபான்ட்ட வாங்கு." அவர் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். "வருமான்னு கேட்டேன், வரும்னு சொன்ன. நான்தான் சரியாக் கேக்கல. இனிமே தெலுங்குனா நீ கேளு, அவரு பாக்கட்டும். ரெண்டு கையெழுத்து. ஃபான்ட் இல்லன்னு பொட்டி வந்தா ஓகே தட்டற கைய ஒடச்சிருவேன், பிரின்சிகிட்டயும் சொல்லு."

நெல்லூர் டிசைனர் பத்து நிமிஷத்தில் ஃபான்ட்டை அனுப்பினார். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு ஃபைலைத் திறந்தாள். எந்தக் கட்டமும் குதிக்கவில்லை. பெட்டியின் ஓரத்தில் சிவப்பு இல்லை, ஒன்பது வரிகளும் அடக்கமாக உள்ளே உட்கார்ந்திருந்தன. கர்வ் போடுவதற்கு முன்னால் ஒன்று, போட்ட பிறகு ஒன்று என்று இரண்டு தாள் எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மயிரிழை விலகவில்லை. புது பிளேட் ஏறி, மெஷின் ஓட ஆரம்பித்தபோது மணி ஒன்றே முக்கால். செங்கல்வராயன் ஒரு தாளை உருவி, மெஷின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி முதலிலிருந்து படித்தார். அவருடைய தெலுங்கில் பள்ளிக்கூட வாடை அடித்தது, அவள் வீட்டுத் தெலுங்கு மாதிரி இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வரிக்கும் 'ம்' கொட்டிக் கேட்டாள். "ஏடு ரோஜுலு" வந்ததும் அந்த 7 மேல் விரலை வைத்துப் பார்த்தாள். இருந்தது. மை அவள் விரலில் ஒட்டிக்கொண்டது.

அன்றைக்குத் தயிர்சாதத்தை மூன்று மணிக்குத்தான் பிரித்தாள். புளித்துத்தான் போயிருந்தது, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

கை கழுவிக்கொண்டு வரும்போது செங்கல்வராயன் ஹால் வாசலில் நின்று கூப்பிட்டார். அடுத்த வேலைக்கான அட்டை அவர் கையில் இருந்தது, எந்தத் தாள், எந்த மை, எத்தனை பிரதி என்று மதிவாணன் தமிழில் எழுதித் தரும் அட்டை.

"புவனா, இத கொஞ்சம் படி."

மேனேஜர் அவசரத்தில் கிறுக்கியிருப்பார் என்று நினைத்து வாங்கினாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கூட நிக்கற சரவணன்தான் தெனம் படிச்சிச் சொல்லுவான். இன்னிக்கு அவன் லீவு" என்றார். "தமிழ் எனக்கு பஸ் போர்டுக்கு மேல வராது. பதினாலு வருசமா கூட நிக்கறவனத் தவிர யாருக்கும் தெரியாது. காலையில நீ சொன்னல்ல, நாளைக்கு நானும் சார்கிட்டச் சொல்லிடறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது. மெஷின் சத்தத்தில் அவர் காதுக்குக் கேட்கும்படி பக்கத்தில் போய் நின்று, அட்டையில் விரலை வைத்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.